பேப்பர் வண்டியில் இருக்கிறது

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை மோட்டார் ரூம் கல்தூணில் கட்டி முடித்திருந்தார்கள். கட்டியது மாட்டுக் கயிறு. இடது கையில் ஆஸ்பத்திரிக் கட்டு இருந்தது; அந்தக் கையையும் சேர்த்தே பின்னால் இழுத்து முறுக்கியிருந்தார்கள். கட்டுத்துணி சிவந்துபோய்ச் சொட்டியது. இடுப்பில் ஈரத்துண்டு. தலையில் சோப்பு நுரை இன்னும் இருந்தது. குளித்துக்கொண்டிருந்த ஆளைத்தான் இழுத்துவந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிக் ஆபீசில் வேலை செய்கிறேன். ரிக் என்றால் போர் போடுகிற வண்டி. அப்பா அதே முதலாளியிடம் லாரி ஓட்டுகிறார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்கு முன்னாலும் எங்கள் குடும்பத்தில் யாரும் போனதில்லை. அதனால் போலீஸ், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எதுவானாலும் "படிச்ச பையனக் கூப்புடு" என்று எனக்குத்தான் போன் வரும். அன்று காலையும் அப்படித்தான் வந்தது. "உங்க வண்டி ஆளு ஒருத்தன் மாட்டிக்கிட்டான். சீக்கிரம் வா, செத்துருவான்."

கட்டிவைத்திருந்தவர் எங்கள் ரிக்கில் ஹெல்பர். நேபாளத்துக்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். துளை போடும் ராடை வண்டியில் மாட்டும்போது கை நசுங்கிவிட்டது. வண்டி கர்நாடகாவுக்குக் கிளம்பியபோது, காயம் ஆறட்டும் என்று அவரை மட்டும் ஷெட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்று ஷெட்டில் தண்ணீர் வராததால், அரை மைல் நடந்து இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். இந்த போரைப் போட்டதே எங்கள் வண்டிதான். தண்ணீர் பீறிட்டு அடித்த அன்று தோட்டத்துக்காரர் ஆட்களையெல்லாம் அதில் நனையவிட்டு, கறிச்சோறு போட்டு அனுப்பினார். அந்தத் தண்ணீரில் குளிக்க மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் கிணறு கிணறாக மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். செம்பு ஒயர். போனால் மோட்டார் ஓடாது, பயிர் காயும். எல்லோருக்கும் கொதிப்பு. தோட்டத்துக்காரர் அன்று ஊரில் இல்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் தெரியாத முகம் ஒன்று நின்றது. அது போதும்.

கறுப்பு ஓஸ் பைப்பால் அடித்துக்கொண்டிருந்தவர் என் சொந்தத் தாய்மாமன்.

"ஒயரு எங்கடா? சொல்றா!"

"நிறுத்து! நிறுத்து!" என்று அண்ணன் கத்தினார்.

"பாத்தீங்களா, நம்மளயே அதட்டறான்!" என்று பக்கத்தில் நின்றவர் செருப்புக்காலால் வயிற்றில் ஒரு உதை விட்டார்.

அவர் அதட்டவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரிக்கில் அவர் காதில் விழுந்ததெல்லாம் தூக்கு, புடி, வுடு, நிறுத்து. கெஞ்சுவதற்கான சொல்லை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. அடி விழ விழ, "வுடு! வுடு! நிறுத்து!" என்று எங்களையெல்லாம் ஏவிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்கக் கேட்க அவர்களுக்கு வெறி ஏறியது.

"மாமா, நம்ம வண்டி ஆளுங்க. கை நசுங்கி ஷெட்ல இருக்கறவருங்க."

"நீ அக்கட்ட போ மாப்ள. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க."

குறுக்கே போய் நின்றேன். பைப் என் காதின் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒரு பக்கம் எதுவும் கேட்கவில்லை. மாமாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஒரு கல்லை எடுத்து, அண்ணனின் கட்டுப்போட்ட கையைத் தூணோடு வைத்து நசுக்கினார். "எந்தக் கையில வெட்னே, இந்தக் கையிலயா?" அண்ணனிடமிருந்து வந்த சத்தத்தை நான் காதால் கேட்டேனா, தூணில் சாய்ந்திருந்த என் முதுகு வழியாகக் கேட்டேனா தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் போலீஸ் ஜீப் வந்தது.

ஜீப்பில் ஏற்றியது அடி வாங்கியவரை. அடித்தவர்கள் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்கள்.

ஒயர் சங்கதி அன்று சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. ஏரிக்கரையில் ஒயரைக் கொளுத்திச் செம்பைப் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பிடிபட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்து ஊர். அதில் ஒருத்தன் காலையில் எங்களோடு கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் என்றும் சொன்னார்கள். அண்ணனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, அவருக்கு ஒரு சட்டையும் லுங்கியும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"திருட்டுல அவன் இல்லப்பா. அது சரியாப் போச்சு," என்றார் எஸ்.ஐ. "ஆனா இவன் யாரு?"

"நேபாளம் சார்."

"நேபாளியா? மூஞ்சி அப்படி இல்லையே. நான் கூர்க்காவே பாத்ததில்லையா?"

அண்ணனின் ஊர் நேபாளத்தின் கிழக்கு மூலையில், சமவெளியில் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்கள் முகம் வங்காளத்து முகம் மாதிரிதான் இருக்கும், பேச்சும் அப்படித்தான். இதை அண்ணனே ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். எஸ்.ஐ. அதை நம்பவில்லை. நூல் மில்லுக்கு ஆள் கூட்டிவருகிற வங்காளத்து மேஸ்திரி ஒருவரை வரவழைத்துப் பேசவைத்தார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, "பாதி புரியுது சார்," என்றார். அந்தப் பாதியே எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அண்ணன் பங்களாதேஷ்காரர் ஆனார்.

"பேப்பர் எங்க?"

"வண்டியில இருக்குங்க சார்," என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது பழக்கம். ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு ரெக்சின் பையில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால். வண்டி ஆட்களின் அடையாள அட்டையும் அதே பையில். செக்போஸ்ட்டில் பையை நீட்டினால் வண்டியும் ஆளும் ஒன்றாகத் தாண்டிவிடலாம். சேற்றிலும் தண்ணீரிலும் வேலை செய்கிறவன் பாக்கெட்டில் எதுவும் தங்காது என்பதும் ஒரு காரணம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. என் அப்பாவின் லைசென்ஸ்கூட அவர் லாரியில்தான் இருக்கும். அவர் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அவரை யாரும் கேட்டதும் இல்லை. கையில் கட்டுடன் அண்ணனை இறக்கிவிட்டபோது, அவருடைய நேபாளக் குடியுரிமை அட்டையைப் பையிலிருந்து எடுத்துத் தர யாருக்கும் தோன்றவில்லை. பை வண்டியோடு சித்ரதுர்கா பக்கம் போய்விட்டது.

வண்டி மேனேஜருக்குப் போன் போட்டேன். அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். எஸ்.ஐ. என் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"போன்ல என்ன வேணும்னாலும் வரும் தம்பி. என்ற அக்கா பையன் என்னைய எம்.எல்.ஏ. ஆக்கிப் படம் அனுப்பறான். ஒரிஜினல் கொண்டா."

"விசா?" என்று ஏட்டையா கேட்டார்.

"நேபாளத்துக்காரங்களுக்கு விசா தேவையில்லைங்க. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. வரலாம், இருக்கலாம், வேலை செய்யலாம்."

"அப்ப வந்ததுக்கு முத்திரை?"

"முத்திரையும் கிடையாதுங்க."

"அப்ப எப்படி வந்தான்னு எதை வெச்சுச் சொல்றே?"

திருட்டுத்தனமாகப் படகிலோ வேலி தாண்டியோ வந்தவனுக்கும் முத்திரை கிடையாது. உரிமையோடு பாலத்தில் நடந்து வந்தவனுக்கும் கிடையாது. அவரைத் திருடன் என்றே வைத்திருந்தால் மறுநாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், ஜாமீன் கேட்டிருக்கலாம். திருடன் இல்லை என்று ஆனதும் அந்த வழி அடைந்துபோனது. வெளிநாட்டுக்காரர்களை அடைத்துவைக்கும் முகாம் ஒன்று வேறு மாவட்டத்தில் இருக்கிறது, மேலிடத்து உத்தரவு வந்ததும் அங்கே அனுப்பிவிடுவோம் என்றார் எஸ்.ஐ. அங்கிருந்து கூட்டத்தோடு பங்களாதேஷ் எல்லைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள் என்று ஏட்டையா சாதாரணமாகச் சொன்னார். அண்ணன் கண்ணிலேயே பார்த்திராத நாடு அது.

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உள்ளேயும் அடித்திருக்கிறார்கள், உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியிலும் அவருக்குத் தெரிந்த தமிழிலும் பேசிக்கொண்டோம்.

"பாலத்துல நடந்து வந்தேன் தம்பி. பட்டாளத்துக்காரன் நின்னான். நான் பையைத் திறந்தேன். அவன் பாக்கல. போ போன்னு கையாட்டினான்." நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கேட்டிருந்தா காட்டியிருப்பேன்," என்றார்.

அவருடைய கையிலிருந்து வாடை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஏட்டையாவிடம் கேட்டேன். "உத்தரவு வரட்டும், அங்க பெரிய டாக்டரே இருக்காரு," என்றார்.

அட்டையைக் கேட்கப் போன இடத்தில், முதலாளி வீட்டில் பெரிய சத்தம். "வண்டி போர் பாயிண்ட்ல நிக்குது. பை எறங்குனா வண்டி எப்படி நகரும்?" என்றார். பை வேண்டாம், ஒரே ஒரு அட்டை போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "நேப்பாளியோ பங்காளியோ, ஒரு ஹெல்பருக்கு நான் ஸ்டேஷன் படி ஏறணுமா? போலீஸ்காரன் ஒவ்வொருத்தனையும் நோண்ட ஆரம்பிச்சா எத்தனை வண்டி நிக்கும் தெரியுமா?" என்று மேசையில் இருந்த டம்ளரை எறிந்தார். அது சுவரில் பட்டு, சில்லு என் காலடிக்குத் தெறித்தது. வாசலில் நின்றிருந்த அப்பா உள்ளே வந்தார். என்னை ஓங்கி ஒரு அறை விட்டார். முதலாளி முன்னால் குரல் உயர்த்தியதற்கு. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, தலையைக் குனிந்தபடி, "அட்டைய மட்டும் குடுக்கச் சொல்லுங்க. முட்டை லாரிக்காரன் ஒருத்தன் அந்தப் பக்கமிருந்து காலியா வாரான். அவங்கிட்டக் குடுத்தாப் போதும்," என்றார். அப்பா முதலாளியிடம் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. முதலாளி போனை எடுத்தார்.

அட்டை வந்துகொண்டிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா கறி எடுத்துக்கொண்டு எங்கள் ஊட்டுக்கு வந்தார். ஒன்றும் நடக்காதவர் மாதிரி இலை முன்னால் உட்கார்ந்தார்.

"காது கேக்குதா மாப்ள?" என்று சிரித்தார். "இன்னொரு பக்கமும் ஒண்ணு போட்டாச் சரியாப் போகும்."

"ஒயர எடுத்தது அவரு இல்லைன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை ஸ்டேஷன்ல வந்து சொன்னீங்களா மாமா?"

"அட, நாலு அடிதான? செத்தா போய்ட்டான்? நாங்க அடிக்கலைன்னா அவன் எந்த நாட்டுக்காரன்னே சர்க்காருக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு மெடல் குடுக்கணும்."

அந்த இலையை இழுத்து வாசலில் வீசினேன். கறியும் சோறும் கோழிகளுக்குப் போனது. மாமா எழுந்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். நான் முழங்காலால் அவர் அடிவயிற்றில் குத்தினேன். அம்மா இருவருக்கும் நடுவில் வந்து, கரண்டியால் என்னைத்தான் அடித்தார். "என்ற பொறந்தவன் மேலயா கை வைக்கற? எவனோ ஒரு வடக்கத்தியானுக்கு!" மாமா வாசல் தாண்டும்போது திரும்பி, "படிக்க வெச்சது தப்பு அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிலிருந்து ரொம்ப நாளைக்கு என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போடுவார்.

மறுநாள் ஓமலூர் டோல்கேட் தாண்டி, சாலையோர டீக்கடையில் முட்டை லாரிக்காக நின்றேன். டிரைவர் கண்ணாடியை இறக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டையை நீட்டினார். "இதுக்குத்தானா உங்கப்பன் இத்தனை போன் போட்டான்?" உறைக்குள் சேற்றுக் கறை. ஒரு பக்கம் நேபாளி எழுத்து, மறுபக்கம் ஆங்கிலம். பெயர், பிறந்த ஊர், அப்பா பெயர், சின்ன வயது முகம். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தாரமங்கலம் வழியாக பைக்கை விரட்டினேன். இரண்டு இடத்தில் லாரி உரசத் தப்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் வேன் நின்றிருந்தது. பின்கதவு சாத்தியிருந்தது. கம்பி ஜன்னலில் அண்ணனின் நல்ல கை தெரிந்தது.

எஸ்.ஐ. அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். நிதானமாகத்தான் படித்தார். படத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

"நேபாளம்தான்," என்றார்.

"அப்ப எறக்கிருங்க சார்."

"ரிப்போர்ட் போயிருச்சு தம்பி. உத்தரவு வந்துருச்சு. இனி என் கையில இல்ல. இத அங்க கொண்டுபோய்க் காட்டு."

"உங்களுக்கே தெரியுது சார். தெரிஞ்சும் அனுப்பறீங்க!"

நான் வேனின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். ஏட்டையா என் விரல்களின் மேல் லத்தியால் அடித்தார். ஒருமுறை, மறுமுறை. மூன்றாவதில் பிடியை விட்டுக் கீழே விழுந்தேன். வேன் கிளம்பியது. என் முழங்கையில் தோல் உரிந்து, மண் ஒட்டிக்கொண்டது. எஸ்.ஐ. அட்டையைக் கீழே போடாமல், குனிந்து என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை என்று அப்பா இன்றும் சொல்வார். எனக்கு அந்தச் செருகல்தான் எல்லா அடிகளையும்விட வலித்தது.

நாமக்கல் கோர்ட்டில் இலவசமாக வழக்கு எடுக்கிற வக்கீல் அம்மா ஒருவர் கிடைத்தார். அவர் சொன்னபடி மனு போட்டோம். நேபாளத் தூதரகத்துக்கு எழுதினோம். அங்கிருந்து அண்ணனின் ஊருக்கு எழுதினார்கள். அந்த ஊரிலிருந்து பதில் வர ஒரு மழைக்காலம் போனது. அதுவரை அண்ணன் சுவருக்குள்ளே. நடுவில் முகாமுக்குப் போய்ப் பார்த்தேன். இரும்பு வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். காட்டச் சொன்னேன். மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. அழுகிவிட்டதாம், எடுத்துவிட்டார்களாம். பக்கத்து அறையில் ஒருத்தன் எல்லைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேட்டு ஜன்னல் கண்ணாடியால் வயிற்றைக் கீறிக்கொண்டான் என்றும், அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டு ஒரு கூட்டமாக அடித்தார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

கடைசியில் அவர் நேபாளத்தவர் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட காகிதத்திலேயே, இவரைத் தன் நாட்டுக்குத் திரும்ப அனுமதிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. இங்கேயே இருக்க அவருக்கு உரிமை உண்டு, அடித்தவர்கள் மேல் வழக்குப் போடலாம் என்று வக்கீல் அம்மா சொன்னார். நானும் சொன்னேன், கெஞ்சினேன். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். "ஊடு," என்றார். வீட்டுக்கு எங்கள் பக்கத்துச் சொல், ஷெட்டில் இருந்தபோது எங்களிடம் கற்றுக்கொண்டது. "ஊடு போறேன் தம்பி."

சேலம் ஜங்ஷனில் அவரை வண்டியேற்ற அப்பாவும் வந்திருந்தார். அப்பா ஒரு சொம்பு தண்ணீரும் புளிச்சோற்றுப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். அண்ணனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், "வண்டியில மேல் பெர்த் வேண்டாம் சாமி, ஒத்தக் கையில ஏற முடியாது," என்றே இரண்டு மூன்று முறை சொன்னார். குடியுரிமை அட்டையை அண்ணன் சட்டைப்பையில் வைத்திருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிளாட்பாரத்தில் படுத்திருந்தவர்களை எழுப்பிக்கொண்டு ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. சும்மா, வழக்கம்போல, லத்தியால் எங்கள் பெஞ்சின் இரும்புக் காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

அண்ணன் அந்த நொடியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தலை குனிந்திருந்தது. ஒரு கையும் ஒரு மொட்டை மணிக்கட்டும் விலங்கு மாட்டக் கொடுப்பதுபோல் சேர்ந்து முன்னால் நீண்டிருந்தன. அட்டை எப்போது பையிலிருந்து வந்ததோ, பல்லில் கவ்வியிருந்தார். எச்சில் அட்டையின் மேல் வழிந்தது.

போலீஸ்காரர் திகைத்து இரண்டடி பின்னால் போனார். "என்னங்க இது? எந்திரிக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பாவும் நானும் ஆளுக்கொரு கைக்கு அடியில் பிடித்துத் தூக்கினோம். எழ மாட்டேன் என்றார். ரயில் உள்ளே வந்து நின்றது. கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அந்த அட்டையைப் பல்லிலிருந்து எடுக்க என் விரலால் அவர் தாடையைப் பிரிக்க வேண்டியிருந்தது. என் விரலைக் கடித்துவிட்டார். ரத்தத்தோடு அதை அவர் பையில் திரும்ப வைத்து, பொத்தானைப் போட்டு, அப்படியே குண்டுக்கட்டாகத் தூக்கிப் பெட்டிக்குள் உட்காரவைத்தோம். வண்டி நகரும்வரை அவர் கை இரண்டையும் மடக்கவே இல்லை.